எரிக்காத வயலிலிருந்து தொடங்குங்கள்

மழைக்காடு ஏன் அழிகிறது என்று கேட்டால், பல திட்ட அறிக்கைகளின் முதல் பத்தியே காட்டுக்குள் குடியிருப்பவர்களைக் கைகாட்டிவிடுகிறது. வெட்டுகிறார்கள், எரிக்கிறார்கள், ஓரிரு போகம் எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள். எனவே பழங்குடிகளுக்கு நீடித்த வேளாண்மையைக் கற்றுக்கொடுத்தால் காடு பிழைத்துக்கொள்ளும் என்கிறது அந்தப் பத்தி. மத்திய அமெரிக்காவில், பெலிஸ் நாட்டின் தென்கோடியான டொலேடோ மாவட்டத்து மாயா கிராமங்களில் வேளாண் பயிற்சியாளனாக இருந்த காலத்தில், அந்தப் பத்தியை எதிர்த்து நான் வாதாடாத கூட்டம் குறைவு. அங்குள்ள உழவர்கள் அறியாமையால் காட்டை வெட்டவில்லை. சென்ற ஆண்டு பயிரிட்ட நிலத்தில் களை மண்டிவிட்டதால் வெட்டுகிறார்கள். இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், என்ன கற்றுக்கொடுப்பது, அதற்கு முன் யாரிடம் கற்றுக்கொள்வது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

நான் போனது கொக்கோவுக்காக. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கொக்கோவை ஊடுபயிராக வளர்ப்பவர்களோடு வேலை செய்த பழக்கம் எனக்கு இருந்தது. பெலிஸின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்பதால் அலுவல் சிக்கலின்றி நடந்தது. வீடுகளில் பேசுவதோ கெக்சி, மோப்பான் என்னும் மாயா மொழிகள். மாயா மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து கரீபியன் கடலை நோக்கிச் சரியும் அந்த மாவட்டத்தில், ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. கொஹூன் என்னும் பனையின் ஓலையால் வேய்ந்த வீடுகள், வீட்டைச் சுற்றிக் கோழிகள், பின்னால் கொக்கோ மரங்கள், நடந்துபோகும் தொலைவில் மக்காச்சோளப் புனம். அந்தப் புனத்துக்கு மில்பா என்று பெயர்.

மில்பாவைப் புரிந்துகொள்ளாமல் அங்கே எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. மழை குறைந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரம் செடிகளை வெட்டிக் காயவிடுவார்கள். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ தீ வைப்பார்கள். முதல் மழை விழுந்ததும், கூர் சீவிய கோலால் குழி போட்டு, குழிக்குச் சில விதைகளாக மக்காச்சோளம் நடுவார்கள். நடவுக்கு முந்திய இரவு சில வீடுகளில் கோபால் என்னும் மணமுள்ள மரப்பிசினால் புகை போட்டு, கொக்கோ பானம் அருந்தி விழித்திருக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. விடிந்ததும் அக்கம்பக்கத்து ஆண்கள் வரிசையாக நின்று நடுகிறார்கள்; நில உரிமையாளர் வீட்டில் அனைவருக்கும் கால்டோ என்னும் கோழிக் குழம்பும் மக்காச்சோள ரொட்டியும். இன்று உங்கள் நிலம், நாளை என் நிலம். கூலி என்ற பேச்சே கிடையாது. சோளத்தோடு பூசணியும் பீன்ஸும் கிழங்குகளும் கலந்து வளரும்.

தீ இரண்டு வேலைகளைச் செய்கிறது. மரங்களில் தங்கியிருந்த பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலியவற்றைச் சாம்பலாக மண்ணுக்குக் கொடுக்கிறது. மேல்மண்ணில் கிடக்கும் களை விதைகளைப் பொசுக்குகிறது. முதல் ஆண்டு விளைச்சல் நன்றாக இருப்பது இதனால்தான். அடுத்த மழைகளில் சாம்பல் கரைந்தோடிவிடும், புல் ஏறிவிடும். நிலத்தை ஆறப்போட்டுவிட்டுப் போவார்கள். பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆறப்போட்ட இடத்தில் மரம் மூடி, புல் தானே மடிந்து, மண் தேறிவிடும். நம் குறிஞ்சித் திணைப் பாடல்களில் வருகிற தினைப்புனமும் இப்படிக் காட்டை எரித்து விதைத்ததுதான். ஆள் குறைவாகவும் காடு பெரிதாகவும் இருந்தவரை இந்த முறையால் காடு அழியவில்லை. மாயா மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டு வரும் பகுதியில் இன்றைக்கும் ஜாகுவார் உலவுகிற காடு மிச்சமிருப்பதே அதற்குச் சான்று.

உடைந்துபோனது அந்த ஆறப்போடும் காலம். குடும்பங்கள் பெருகின. காப்புக்காட்டு எல்லைகள் ஒருபுறம், தனியார் குத்தகை நிலங்கள் மறுபுறம். தெற்கு நெடுஞ்சாலைக்குத் தார் போட்டதும் சாலையோர நிலத்தின் மேல் பலருக்கும் கண் விழுந்தது. மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே பழைய நிலத்துக்குத் திரும்ப வேண்டிய நிலை பல கிராமங்களில் வந்துவிட்டது. அவ்வளவு குறுகிய காலத்தில் மரம் மூடாது, புல் சாகாது. அதை எரித்தால் சாம்பலும் கொஞ்சம்தான் கிடைக்கும். விளைச்சல் குறைவதைக்கூட அந்த மக்கள் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்க முடியாதது களை. ஒரு குடும்பத்தின் மொத்த உழைப்பையும் புல் விழுங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கையில் இருப்பவை இரண்டே வழிகள்: கடையில் கிடைக்கும் பாராகுவாட் களைக்கொல்லியை வாங்கித் தெளிப்பது, அல்லது மலையின் மேலே இன்னும் கொஞ்சம் ஏறி முதிர்ந்த காட்டை வெட்டுவது. ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "காட்டை வெட்டுவது பதினைந்து நாள் வேலை. புல்லோடு மல்லுக்கு நிற்பது வருடம் முழுவதும். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதைச் செய்வீர்கள்?"

ஆகவே பழங்குடி ஊர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: மண் பரிசோதனைப் பெட்டியைத் திறப்பதற்கு முன், அந்த வீட்டில் யார் எந்த மாதத்தில் எத்தனை நாள் களை எடுக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் கொண்டுபோகும் முறை அந்த நாள்களைக் குறைக்கவில்லை என்றால், அது எவ்வளவு பசுமையானதாக இருந்தாலும் உங்கள் வண்டி திரும்பிய மறுநாளே கைவிடப்படும். அதில் எந்தத் தவறும் இல்லை. வயிறும் உடம்பும் அவர்களுடையவை.

அடுத்து, அவர்கள் ஏற்கெனவே எரிக்காமல் பயிரிடும் இடத்தைத் தேடுங்கள். டொலேடோவில் அந்த இடம் ஆற்றோரத்தில் இருக்கிறது. மழை தணியும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆற்றங்கரை ஈரநிலத்தில் புதரை வெட்டி, எரிக்காமல் அப்படியே படுக்கப்போட்டு, அதன் ஊடாகக் கோலால் குழி போட்டுச் சோளம் நடுகிறார்கள். மத்தாம்ப்ரே என்னும் இந்த இரண்டாம் போகம் மார்ச், ஏப்ரல் வாக்கில் அறுவடைக்கு வரும். பழைய தானியம் தீர்கிற நேரத்தில் வீட்டைக் காப்பாற்றும். சிலர் அங்கே பூனைக்காலிக் கொடியை வளர்க்கிறார்கள். சோளம் முடிந்த நிலத்தில் அது போர்வையாகப் படர்ந்து புல்லை அமுக்கிவிடும். காற்றிலிருந்து நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்க்கும். அடுத்த நடவுக்கு முன் அதை வெட்டிப் படுக்கப்போட்டால் அதுவே உரம், அதுவே மூடாக்கு.

அந்தக் கொடியைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க முடியாது. பூனைக்காலி நம் ஆசியப் பக்கத்துச் செடி. நம்முடைய காட்டு வகையைத் தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். சாகுபடி வகையில் அந்தச் சுணை கிடையாது. அது அமெரிக்காவின் தென் மாநிலங்கள் வழியாக மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களுக்குக் கோவேறு கழுதைத் தீவனமாகப் போய்ச் சேர்ந்தது. தீவனச் செடியைச் சோளத்தோடு இணைத்து ஒரு பயிர்முறையாக மாற்றியவர்கள் குவாத்தமாலாவின் கெக்சி உழவர்கள். அங்கிருந்து வடக்கு ஹோண்டுராஸ் வரை அது உழவர் கையிலிருந்து உழவர் கைக்குப் போயிற்று. எந்தத் திட்டமும் அதைப் பரப்பவில்லை. எதிர்த்திசையில், அவர்கள் கொக்கோவுக்கு நிழலாக வளர்க்கும் கிளைரிசிடியா மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து நம் வரப்புகளில் தழையுரமாக நிற்கிறது. பழங்குடிகளுக்கு நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு செடிகளின் பயணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

மத்தாம்ப்ரேயின் குறை ஒன்றே: ஆற்றோர ஈரநிலம் எல்லோருக்கும் கிடையாது. மலைச்சரிவில் அந்த வேலையைச் செய்ய ஒரு மரம் தேவைப்படுகிறது. அதுதான் இங்கா. பெலிஸில் பிரிப்ரி என்கிறார்கள். காயைப் பிளந்தால் கருவிதைகளைச் சுற்றி வெள்ளைப் பஞ்சாக இனிக்கும் சதை. நம் கொடுக்காப்புளியைத் தின்றவர்களுக்கு அந்தச் சுவை அந்நியமாக இருக்காது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் ஹேண்ட்ஸ் 1980களில் கோஸ்டா ரிக்காவில் தொடங்கி, பின்னர் ஹோண்டுராஸில் விரிவாகச் செய்த சோதனைகள், எரித்த நிலம் சோர்ந்துபோவதில் பாஸ்பரஸ் இழப்புக்குப் பெரும் பங்கு இருப்பதையும், இங்கா வரிசைகளுக்கு நடுவே பயிரிட்டால் ஒரே இடத்தில் தொடர்ந்து சோளம் எடுக்க முடியும் என்பதையும் காட்டின.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இங்கா விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. காய்க்குள்ளேயே முளை விடும் விதை அது. பழுத்த காயைப் பறித்தால் ஓரிரு நாளில் பையில் ஊன்றிவிட வேண்டும். பையை நிரப்பும் மண்ணில், ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் இங்கா மரத்தடி மண்ணில் ஒரு பிடி கலந்தால் வேருக்கு வேண்டிய நுண்ணுயிரும் வேர்ப்பூஞ்சையும் கூடவே வந்துவிடும். ஜூன் மழையில், சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில், வரிசைக்கு வரிசை 4 மீட்டர், கன்றுக்குக் கன்று அரை மீட்டர் விட்டு நட வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 கன்றுகள் ஆகும். எண்ணிக்கையைக் கேட்டதும் முகம் வாடும். கால் ஏக்கரில் 500 கன்றோடு தொடங்கச் சொல்வேன். அதற்கு மேல் முதல் ஆண்டில் யாரையும் நடவிடக் கூடாது, ஆர்வம் எவ்வளவு இருந்தாலும்.

முதல் ஆண்டு கன்றுகளைச் சுற்றிக் களை எடுத்தே தீர வேண்டும். இரண்டாம் ஆண்டின் முடிவில் கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், உள்ளே இருட்டாகும், புல் வெளிச்சமின்றிச் சாகும். அதன்பின் நடவுக்கு முன்பாக மார்பளவு உயரத்தில் மரங்களை வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் இலையுள்ள சிறு கிளை ஒன்றை விட்டுவைத்தால் மரம் அயர்ந்துபோகாமல் துளிர்க்கும். பருத்த கிளைகள் விறகுக்கு. இலையும் குச்சியும் தரையில். இங்கா இலை தடிமனானது, மெழுகுப் பூச்சுள்ளது, சீக்கிரம் மக்காது; அதனால்தான் களையை அமுக்குகிறது. அந்த மூடாக்கைக் கோலால் விலக்கிச் சோளத்தை நட வேண்டும். பயிர் முடிவதற்குள் மரம் மீண்டும் தழைத்து நிலத்தை மூடத் தொடங்கியிருக்கும். அமிலம் கூடிய, மிகவும் சோர்ந்த மண்ணென்றால் தொடக்கத்தில் பாறை பாஸ்பேட் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும். இதைச் சரிவு நிலத்து மத்தாம்ப்ரே என்று சொல்லி அறிமுகப்படுத்தியபோது யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. வெட்டிப் படுக்கப்போட்டு, ஊடே நடுவது அவர்கள் பாட்டன் காலத்து வேலை.

கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தது: முதல் இரண்டு ஆண்டுகள் என்ன சாப்பிடுவது? இதற்குப் பதிலில்லாமல் எந்த மரத்திட்டத்தையும் ஒரு பழங்குடி ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கா வளரும்வரை வரிசைகளுக்கு நடுவே பீன்ஸும் மரவள்ளியும் வாழையும் போடலாம். ஆனாலும் வழக்கமான மில்பாவை அந்த ஆண்டுகளில் நிறுத்தும்படி கேட்பது அநியாயம். எரிப்பதை இன்றே நிறுத்துங்கள் என்று கையெழுத்து வாங்கிய இடங்களில், எரிப்பு கண்ணுக்குத் தெரியாத சரிவுக்கு நகர்ந்தது, நின்றுவிடவில்லை. புதிய நிலத்தில் முதல் சோளம் வீட்டுக்கு வந்த பிறகு பழைய நிலம் தானாகச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களைப் பற்றிப் பேச வேண்டும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, கழுவி அரைத்து, கோமால் என்னும் தட்டில் ரொட்டி சுடுவது நாள்தோறும் நடக்கும் வேலை. அவ்வளவுக்கும் விறகு வேண்டும். பயிற்சிக்கு வந்த ஆண்கள் மூடாக்கு, நைட்ரஜன் என்றெல்லாம் தலையாட்டினார்கள்; கால் ஏக்கர் நிலத்துக்குச் சம்மதம் கிடைத்தது அடுப்படியில்தான். வெட்டிய கிளையெல்லாம் வீட்டருகே விறகாகக் கிடைக்கும், தோளில் சுமந்து தொலைவு நடக்க வேண்டாம் என்று தெரிந்ததும் பெண்களே கன்றுகளுக்கு இடம் காட்டினார்கள். கூட்டத்தை ஆண்களோடு மட்டும் நடத்திவிட்டு வருகிற பயிற்சியாளர், முடிவெடுக்கும் ஆளைச் சந்திக்காமலே திரும்புகிறார்.

கற்றுக்கொடுக்கும் ஆள் யார் என்பதும் முக்கியம். ஆங்கிலத்தில் நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட, பக்கத்து ஊர் உழவர் தன் நிலத்தில் நின்று கெக்சி மொழியில் பேசிய பத்து நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். அவரிடம்தான் உண்மையான கேள்விகளைக் கேட்பார்கள்: எத்தனை நாள் வேலை, பாம்பு வருமா, எலி கூடுமா, மகன் ஒத்துக்கொண்டானா. ஆகவே பணத்தை அரங்கக் கூட்டங்களுக்குச் செலவிடாமல், பத்துப் பேரைப் பஸ் ஏற்றி இன்னொரு உழவரின் நிலத்துக்கு அழைத்துப்போகச் செலவிடுங்கள். ஊருக்குள் நுழையும் முன் அல்கால்டேயைப் பாருங்கள். ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர் அவர்; சிறு வழக்குகளைத் தீர்ப்பதும், ஃபஹினா என்னும் பொதுவேலைக்கு ஆள் கூட்டுவதும் அவர் பொறுப்பு. மரம் நட்டால் நாள்கூலி என்று அறிவிப்பதை மட்டும் தவிருங்கள். கூலிக்கு நட்ட கன்று யாருக்கும் சொந்தமில்லாத கன்று. அதோடு, கூலியில்லாமல் ஒருவருக்கொருவர் உழைக்கும் வழக்கத்தை அந்த அறிவிப்பு கெடுத்துவிடும்.

கொக்கோவைப் பற்றிச் சொல்லாவிட்டால் டொலேடோவைப் பற்றிச் சொன்னதாகாது. மாயா மக்களின் சடங்குகளில் பழங்காலம் தொட்டு இடம்பெற்ற பயிர் அது. வெளியார் தூண்டுதலால் 1980களில் அதைப் பணப்பயிராகப் பலர் நட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது காயைப் பறிக்காமல் மரத்திலேயே விட்டார்கள். 1994இல் கிரீன் அண்ட் பிளாக்ஸ் நிறுவனம் இவர்களின் கொக்கோவைக் கொண்டு மாயா கோல்டு சாக்லேட்டை வெளியிட்டது. விளைவித்தவருக்கு நியாயமான விலை தரும் பொருளுக்கான நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரையை பிரிட்டனில் பெற்ற முதல் பொருள் அதுதான். 2001 அக்டோபரில் ஐரிஸ் சூறாவளி வந்து தோட்டங்களைச் சாய்த்துப்போட்டது. இவ்வளவையும் அனுபவித்தவர்களிடம் போய், கொக்கோ நட்டால் வாழ்வு மாறும் என்று பேசினால் எப்படி நம்புவார்கள்? நம்பாததே அறிவுடைமை. நான் சொன்னது: சோளத்துக்கு இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் நிலத்தில் மட்டும் கொக்கோ, அதையும் வாழை, கிளைரிசிடியா, மஹோகனி நிழலில் கலந்து நடுங்கள்.

அங்கே கொக்கோவுக்குப் பெரிய எதிரி மோனிலியா அழுகல். காயின் மேல் வெள்ளை மாவாகப் பூஞ்சை பூத்துவிட்டால் காற்று அதைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோகும். பூப்பதற்கு முன், புள்ளி விழுந்த நிலையிலேயே, வாரம் ஒருமுறை தவறாமல் நோய்க்காய்களை அறுத்துப்போட வேண்டும். கைக்கு எட்டாத உயரத்தில் காய் இருந்தால் இது நடக்காது. எனவே மரத்தைத் தாழ்வாகக் கவாத்து செய்வதுதான் மருந்து. பொள்ளாச்சியில் கற்ற கவாத்து எனக்கு அங்கே நேரடியாகப் பயன்பட்டது. யாஷ்சே என்னும் உள்ளூர்ப் பாதுகாப்பு அமைப்பும் ட்ரியோ கிராமத்து உழவர்களும் சேர்ந்து, மாயா மலை வடக்குக் காப்புக்காட்டின் ஒரு பகுதியில் அரசு அனுமதியோடு, பெரிய மரங்களை நிறுத்திவைத்து அவற்றின் நிழலில் கொக்கோ வளர்க்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் உழவருக்குச் சட்டப்படி இடம் கொடுத்து, அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைக்கும் இந்த ஏற்பாடு, எல்லைக்கல் நட்டு விரட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தீ இன்னும் இருக்கிறது. நீங்கள் எரிக்காவிட்டாலும் பக்கத்து நிலத்துக்காரர் எரிப்பார். 2024 கோடையில் தெற்குப் பெலிஸில் பரவிய தீ பல தோட்டங்களைக் கொண்டுபோனது. எரிக்கும் நாளை முன்கூட்டியே அல்கால்டேயிடம் சொல்வது, அண்டை நிலத்தாரை உடன் நிறுத்திக்கொள்வது, நிலத்தைச் சுற்றித் தரை தெரியும்படி தீத்தடுப்புக் கோடு எடுப்பது, தீ காற்றை எதிர்த்து மெல்ல நகரும்படி பற்றவைப்பது ஆகியவற்றை எரிக்காத வேளாண்மையின் பாடமாகவே சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எரிப்பவரை எதிரியாக நடத்தினால் இந்தப் பாடத்துக்கு அவர் வரமாட்டார். உங்கள் இங்கா வரிசைதான் முதலில் எரியும்.

நிலம் யாருடையது என்பதையும் ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. மரம் நடுகிறவருக்கு அந்த மரம் தன் பிள்ளைக்குச் சேரும் என்ற உறுதி வேண்டும். டொலேடோவின் மாயா மக்கள் அதற்காக நெடுங்காலம் வழக்காடினார்கள். 2007இல் சாண்டா குரூஸ், கோனெஹோ ஆகிய இரு கிராமங்களின் மரபுவழி நில உரிமையை பெலிஸ் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2015 ஏப்ரல் 22 அன்று, பெலிஸின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான கரீபியன் நீதிமன்றம், மாவட்டத்தின் மாயா கிராமங்கள் அனைத்துக்கும் அந்த உரிமை உண்டென்று உறுதிப்படுத்தியது. தீர்ப்பு வந்தபின் எல்லை வரைவதும் சட்டம் எழுதுவதும் இழுபறியாகவே நடக்கின்றன. ஒரு பயிற்சியாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. நாற்பது ஆண்டு நிற்கப்போகும் மஹோகனியை நடச் சொல்கிறோமே, அதுதான் வேலை. கிராமத்தின் வரைபடத்தை மக்கள் தயாரிக்கும்போது ஜிபிஎஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு உடன் நடப்பதைவிடப் பயனுள்ள வேளாண் பயிற்சி சில மாதங்களில் கிடையாது.

திட்டங்களுக்குப் பணம் கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாண்டுத் திட்டம் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. இங்கா நிலத்தில் முதல் சோளம் மூன்றாம் ஆண்டில்தான் வருகிறது. கொக்கோவும் அப்போதுதான் காய்க்கத் தொடங்குகிறது. உழவருக்குக் கேள்விகள் முளைக்கும் நேரத்தில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போகிறோம். ஆறு ஆண்டுகளுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். அது முடியாதென்றால், அந்தப் பணத்தில் ஊருக்கு இருவராக உள்ளூர் உழவர்களைப் பயிற்சியாளர்களாக்கி, அவர்கள் சம்பளத்தை மட்டும் நீட்டித்துக் கொடுங்கள்.

பிறகு விதை. ஆண்டுதோறும் வெட்டுகிற இங்கா மரம் அநேகமாகக் காய்ப்பதில்லை. நிலத்தின் ஓரத்தில் ஐந்தாறு மரங்களை வெட்டாமல் வளரவிட வேண்டும். அவை காய்க்கத் தொடங்கினால் அந்த ஊர் அடுத்த கன்றுக்கு எந்த நாற்றங்காலையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. குழந்தைகள் காயைப் பறித்துத் தின்றுவிட்டு விதைகளை வீட்டைச் சுற்றித் துப்புவார்கள். மழைக்காலத்தில் அங்கே முளைத்தவற்றைப் பெயர்த்துப் பையில் வைத்தால் போதும், பாதி நாற்றங்கால் தயார்.